மெதுவாக ஏறும் மருந்து

ஜனவரி 27

பயிற்சி டைரி எழுதுகிற பழக்கத்தை விடக்கூடாது. எந்தப் பிள்ளை எத்தனை சுற்று ஓடினாள், யாருக்குக் கணுக்கால் பிசகியது என்று எழுதிவந்த இடத்தில் இனி என் கால்.

காலையில் புதிதாக டியூட்டிக்கு வந்த நர்ஸ் என் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு, "பொன்ராணி, இருபத்தொன்பது வயசு. கோவில்பட்டியில பி.டி. டீச்சரா? என்ன விளையாட்டு?" என்றாள்.

"ஹாக்கி."

"அப்பம் கால் வேணுமே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், சின்னப் பெண். பெயர் பாக்கியம்.

பொங்கலன்று காலை மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு லோடு ஆட்டோ என் ஸ்கூட்டியை இடித்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளியே வந்து, ரோட்டுப் புழுதியில் புரண்டது. கோவில்பட்டியில் கட்டுப் போட்டுத் திருநெல்வேலிக்கு இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. எலும்பு நகராமல் இருக்கக் காலுக்கு வெளியே கம்பிகளை நிறுத்தி முடுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்தால் கோல் போஸ்ட் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஜெபசிங் சரக்குக் கப்பலில் இருக்கிறார். இப்போது நடுக்கடல். இறங்குவதற்கு ஏப்ரல் ஆகும். சிக்னல் கிடைக்கும்போது பேசுகிறார். அவர் கெஞ்சியதால் அவருடைய அக்கா எமிமாள் மதினி இன்று வந்து இறங்கினார்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் வீட்டுக்குள் நான் நுழைந்ததில்லை. வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண் என்று அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அவரைக் கட்டிக்கொண்டதற்காக என் வீட்டிலும் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். ஆகவே மதினியை விட்டால் எனக்கும் ஆளில்லை.

"தம்பி போன்ல அழுதான். அதான் வந்தேன்" என்றார்கள்.

"ரொம்ப நன்றி மதினி."

"நன்றியெல்லாம் இருக்கட்டும். கஞ்சி குடிச்சியா?"

காய்ச்சல் இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் வருவதுதான்.

ஜனவரி 30

கம்பிக்குப் பக்கத்தில் சீழ். மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வந்துவிட்டது. எலும்பு டாக்டர் நமச்சிவாயம் கட்டில் ஓரமாக நின்று சொன்னார்.

"பிடிவாதமான கிருமிம்மா. வழக்கமா குடுக்குற மருந்து எதுக்கும் கேக்காது. ஒரே ஒரு மருந்துக்குக் கேக்கலாம்னு வந்திருக்கு. அதை இன்னைக்கே ஆரம்பிக்கிறோம்."

கேக்கலாம் என்றார். கேக்கும் என்று சொல்லவில்லை. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒவ்வொரு பாட்டிலும் அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. பரவாயில்லை.

மதினி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். காலையில் பைபிளில் சங்கீதம் வாசிக்கிறார்கள், வார்டுக்கே கேட்கும்படி. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நான் ஜெபத்தில் இருப்பதாக எதிர்க்கட்டில் அம்மாள் நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 2

காய்ச்சல் நிற்கவில்லை. மதினியின் குறட்டையும்.

பிப்ரவரி 4

எங்கள் கோல் கீப்பர் சந்தனமாரிக்கு இடது பக்கம் சாய்வதில் ஒரு தயக்கம் இருக்கிறது. பந்து வருவதற்கு முன்பே எடையை வலது காலில் போட்டுவிடுகிறாள். வலது காலை லேசாகத் தூக்கி நிற்கச் சொல்லிப் பழக்க வேண்டும். ஸ்ரீஜா பாஸ் கொடுக்கும்முன் தலையை நிமிர்த்திப் பார்ப்பதேயில்லை. மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஆறு நாள்தான். உதவி கோச்சிடம் இதையெல்லாம் போனில் சொல்ல வேண்டும்.

டாக்டர் நமச்சிவாயம் வந்தார். சீழ் குறையவில்லை. இன்னொரு தடவை தியேட்டரில் திறந்து கழுவிப் பார்ப்பாராம். அதற்குப் பிறகும் ரத்தத்தில் கிருமி ஏறினால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்றார்.

ஸ்ரீஜாவிடம் நானே பேச வேண்டும். உதவி கோச் சொன்னால் கேட்க மாட்டாள்.

பிப்ரவரி 5

டாக்டர் நமச்சிவாயமே இன்னொரு டாக்டரை அழைத்துவந்தார். டாக்டர் ஷமீமா. கிருமித் தொற்றுக்கென்றே படித்தவர். குட்டையான பெண், கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் பேசினார். காலைப் பார்ப்பதற்கு முன் என் பழக்கங்களைக் கேட்டார். தினமும் எவ்வளவு ஓடுவேன், சர்க்கரை உண்டா, ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறேன்.

"நிறைய போறா டாக்டரம்மா. நானே பேசின் வச்சு வச்சு அலுத்துப்போனேன்" என்றார்கள் மதினி.

எனக்கு மானம் போயிற்று. டாக்டரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அதுலதான் சந்தேகம். மருந்து தோத்துப்போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, மருந்து உடம்புல நிக்குதான்னு பாக்கணும். அடிபட்ட இளவயசு உடம்புல சிலருக்கு கிட்னி தேவைக்கு மேல வேகமா ஓடும். உள்ள வர்ற மருந்தை அள்ளி வெளிய கொட்டிடும். இன்னைக்குப் போற ஒன்னுக்கு முழுக்கச் சேத்து வைங்க. ரத்தமும் எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

மதினி ஒரு வெள்ளை கேனை வாங்கிவந்து, மூடியில் என் பெயரை மார்க்கரால் எழுதி, கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு சிந்தாமல் அதில் ஊற்றினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல என்ன வெக்கம்? எங்க அம்மைக்கும் நாந்தான் எல்லாம் பாத்தேன்" என்றார்கள். கோபமாகத்தான் சொன்னார்கள்.

பிப்ரவரி 6

டாக்டர் ஷமீமா நினைத்தது சரி. "உங்க கிட்னி ரொம்ப நல்லா வேலை செய்யுது பொன்ராணி. இப்போதைக்கு அதுதான் பிரச்சினை" என்றார். இந்தக் கிருமியை அடக்க வழக்கமான அளவே போதாது, அதிலும் பாதி அடுத்த வேளைக்கு முன்பே வெளியே போய்விடுகிறது. மிச்சமிருக்கிற கொஞ்சத்தில் கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறதாம்.

இனி மருந்தின் அளவு இரண்டு மடங்கு. ஒவ்வொரு பாட்டிலும் அரை மணியில் இல்லை, மூன்று மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும்.

"அதிகமா குடுக்கப்போறீங்கன்னா சீக்கிரமா ஏத்துனாத்தானே நல்லது?" என்று கேட்டேன்.

"சில மருந்துக்கு அப்படித்தான். ஒரே தாக்கா தாக்கணும். இது வேற ஜாதி. எவ்வளவு உச்சத்துக்குப் போச்சுங்கறது இதுக்கு முக்கியமில்ல. தேவையான அளவுக்குக் கீழ இறங்காம எவ்வளவு நேரம் ரத்தத்துல நிக்குதுங்கறதுதான் முக்கியம். கிருமி பெருகறதுக்கு இடைவெளி குடுக்கக் கூடாது."

"எதிராளிய ஆட்டம் முடியுற வரைக்கும் விடாம ஒட்டி நிக்கிறது மாதிரி."

"எனக்கு ஹாக்கி தெரியாது. ஆனா அப்படித்தான் போல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அளவு கூடினால் வலிப்பு வரலாம், கை துடித்தாலோ பேச்சு குழறினாலோ உடனே சொல்ல வேண்டும் என்றார். அடிக்கடி ரத்தம் எடுப்பார்களாம்.

எலும்பு டாக்டரிடம், "எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க சார்" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. "கழுவிட்டுத் தர்றேன். ஆனா காய்ச்சல் ஏறுனா காத்திருக்க மாட்டேன்" என்றார் இவர். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவர் காலைப் பார்க்கிறார், ஒருவர் ஆளைப் பார்க்கிறார். நான் காலின் பக்கம்.

பிப்ரவரி 8

நேற்று தியேட்டரில் கழுவினார்கள். வலியைப் பற்றி எழுதப்போவதில்லை.

மூன்று மணி நேரம் என்பது சும்மா இல்லை. ஒரு பாட்டில் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டால் அடுத்தது வந்துவிடுகிறது. வார்டில் மருந்தை அளந்து செலுத்துகிற மெஷின் கிடையாது, அதெல்லாம் ஐ.சி.யு.வில்தான். இங்கே குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டி, சொட்டு விழுவதைக் கடிகாரம் வைத்து எண்ணிச் சரிசெய்துவிட்டுப் போகிறாள் பாக்கியம். வேளா வேளைக்குப் புதிதாகக் கலக்கிறாள். கலந்து வைத்தால் இந்த வெயிலுக்கு வீரியம் போய்விடுமாம்.

கையை மடக்கினால் சொட்டு நிற்கிறது, நீட்டினால் ஓடுகிறது. மதினி நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாலைக் காய விட்டு அடுப்புப் பக்கம் நிற்கிற மாதிரி.

"கைய மடக்காத."

"மடக்கலை மதினி."

"மடக்குத. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிப்ரவரி 10

மாவட்டப் போட்டி. பிள்ளைகள் அரையிறுதி வரை வந்து தோற்றுவிட்டார்கள். வீடியோ காலில் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். வார்டுக்குள் சிக்னல் இல்லை, வராந்தாவுக்குப் போக வேண்டும், வீல் சேரில் பாட்டிலோடு போக விட மாட்டார்கள். நல்லவேளையாக மதியம் டிரிப் சற்று விரைவாக முடிந்தது. மதினி துணி துவைக்கப் போயிருந்தார்கள். வார்டு ஆயா தள்ளிக்கொண்டுபோனார்.

ஸ்ரீஜா தலையை நிமிர்த்திப் பார்த்துப் பாஸ் கொடுத்தாள்.

பிப்ரவரி 11

காலையில் காய்ச்சல் கொஞ்சம் ஏறியிருந்தது. மதினி சங்கீதம் வாசிக்கவில்லை. நாற்காலியை என் முகத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"நேத்து மருந்தைத் தொறந்து விட்டது யாரு?"

"அதுவா முடிஞ்சிட்டு மதினி."

"நான் போவும்போது முக்காப் பாட்டில் இருந்துச்சு. ரெண்டு சேலை அலசிட்டு வாரதுக்குள்ள காலியாயிட்டு. பாக்கியம் தொடலைங்கா. அப்பம் யாரு தொட்டா?"

சக்கரத்தை உருட்டிய கையை நான் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அதுவே பதில் ஆயிற்று.

மதினி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்க வீட்டுக்காரருக்கு டி.பி. உனக்குத் தெரியாது, நீ அப்பம் வரலை. மாத்திரை சாப்பிட்டாரு, ரெண்டு மாசத்துல இருமல் நின்னுட்டு, உடம்பு தேறிட்டு. இனி எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டாரு. நானும் சரின்னுட்டேன், நல்லாத்தானே இருக்காருன்னு. மறுவருசம் திரும்ப வந்துச்சு. அதே மாத்திரை, அதே டாக்டரு. ஒன்னும் கேக்கலை, போய்ச் சேந்துட்டாரு. மாத்திரை இல்லாமப் போயிருந்தா மனசு ஆறியிருக்கும். தலைமாட்டுலயே இருந்துச்சு."

எதிர்க்கட்டில் அம்மாள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"உன்னைய எனக்குப் பிடிக்காதுளா. அது வேற. அதை நான் கர்த்தர்கிட்டப் பேசிக்கிடுதேன். ஆனா இந்தக் கால் போவக் கூடாது. என் கண்ணு முன்னால போவ விடமாட்டேன்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கஞ்சி வாங்க எழுந்துபோய்விட்டார்கள்.

டாக்டர் ஷமீமாவிடம் நானே சொன்னேன். மதினி சொல்வதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அவர் திட்டவில்லை. "ஒரு வேளை போச்சு. அது நடக்கக் கூடாதது, நடந்திடுச்சு. இனி ஒன்னும் போகக் கூடாது" என்றார்.

ஐந்து சுற்று ஓடச் சொன்னால் நாலோடு மரத்தடியில் ஒதுங்கும் பிள்ளைகளை நான் விட்டதே இல்லை. இனி சக்கரம் என் கைக்கு எட்டாத பக்கம் இருக்கட்டும் என்று பாக்கியத்திடம் சொல்லி, ஸ்டாண்டை மாற்றி வைக்கச் சொன்னேன். மதினி கஞ்சியோடு வந்து அதைப் பார்த்தார்கள். நாற்காலியை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பிப்ரவரி 15

காய்ச்சல் இல்லை. இரண்டு நாளாகவே இல்லை. எழுதினால் வந்துவிடுமோ என்று நேற்று எழுதவில்லை. டாக்டர் நமச்சிவாயம் புண்ணைப் பிரித்துப் பார்த்து "ம்" என்றார். அந்த "ம்"மை மதினி இரண்டு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள்.

பிப்ரவரி 20

மருந்தின் அளவைக் குறைக்கப்போகிறார்கள். மதினிக்கும் டாக்டருக்கும் இதில் பெரிய வாக்குவாதம்.

"நல்லாக் கேக்குதுன்னு நீங்கதான சொன்னிய. கேக்கும்போது ஏன் குறைக்கணும்? இதைத்தான டாக்டரம்மா அந்த மனுசனும் செஞ்சாரு."

"அவர் மருந்தை நிறுத்தினாரும்மா. நான் நிறுத்தலை. உடம்பு ஆறிட்டு வர்றதால கிட்னி பழைய வேகத்துக்கு வந்துட்டுது. முன்ன மாதிரி வெளிய கொட்டலை. அதனால அதே அளவைக் குடுத்தா ரத்தத்துல தேங்கிடும். நேத்து இவங்க விரல் துடிச்சதை நீங்கதானே நர்ஸ்கிட்டச் சொன்னீங்க?"

உண்மைதான். ஸ்பூன் பிடிக்கும்போது விரல் துடித்தது. நான் களைப்பு என்று நினைத்தேன். மதினி நினைக்கவில்லை.

"அப்பம் கிருமிக்குப் பத்துமா?"

"பத்தும். ரத்தத்தைப் பாத்துத்தான் குறைக்கிறேன். மூணு மணி நேரம் அப்படியேதான். நாற்காலியை எடுத்துடாதீங்க."

மதினி அரை மனதாகத் தலையாட்டினார்கள். சாயந்தரம் வரை என் விரல்களையும் சொட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் பயம் இல்லை என்று எழுத நினைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

பிப்ரவரி 21

விரல் துடிக்கவில்லை.

மார்ச் 4

மதினி எனக்குத் தலை கழுவிவிட்டார்கள். ஐம்பது நாள் அழுக்கு. கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு, கீழே வாளி வைத்து, சீயக்காய். தூள் கண்ணில் பட்டு எரிந்தது. "கண்ணை மூடுன்னா மூடணும்" என்று அதட்டினார்கள். பிறகு துவட்டி, சிக்கெடுத்து, இறுக்கமாக ஒரே பின்னல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி.

காலையில் டாக்டர் நமச்சிவாயம் சொல்லிவிட்டார். கால் இருக்கும். கிருமி அடங்கிவிட்டது, எலும்பு பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. கணுக்கால் மட்டும் முழுக்க மடங்காது. நடக்கலாம், நிற்கலாம், விசில் ஊதலாம். ஓடுவதை மறந்துவிட வேண்டும்.

"கால் இருக்குதுல்லா?" என்றார்கள் மதினி, சிக்கெடுத்துக்கொண்டே.

"இருக்கு மதினி."

"அப்பம் எதுக்கு அழுத?"

"சீயக்காய்."

"சரி" என்றார்கள். சீப்பை வைத்துவிட்டு, வெறும் விரலாலேயே ரொம்ப நேரம் கோதிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 20

இன்று கடைசிப் பாட்டில். மதினிக்கு மனசே இல்லை. "இன்னும் ரெண்டு நாளைக்குச் சேத்துப் போட்டா என்ன டாக்டரம்மா, ஒரு தைரியத்துக்கு" என்று கேட்டார்கள்.

"தைரியத்துக்கு மருந்து குடுக்கக் கூடாதும்மா. வேண்டியது குடுத்தாச்சு. இனி குடுக்கிறது இவங்க உடம்புல இருக்கிற மத்த கிருமிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற மாதிரி. அப்புறம் இந்த மருந்து இவங்களுக்கும் உதவாது, பக்கத்துக் கட்டிலுக்கும் உதவாது."

மதினி பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று வந்த ஒரு கல்லூரிப் பெண், கையில் கட்டு. "அப்படின்னா வேண்டாம்" என்றார்கள்.

வாடகை வண்டியில் ஏறியதும் டிரைவர் எங்கே போகணும் என்று கேட்டார். கோவில்பட்டி என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மதினி தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள்.

"இவ வீட்டு மாடிப்படி ஏற முடியாது இவளால" என்றார்கள், டிரைவரிடம். என்னைக் கேட்கவில்லை. என் காலுக்கு அடியில் ஒரு தலையணையைத் திணித்துவிட்டு, வழியெல்லாம் பள்ளத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லி அந்த மனிதரின் உயிரை எடுத்தார்கள்.

ஏப்ரல் 6

இன்று முதல் இடது காலில் எடை போடலாம். ஆனால் அளந்துதான். எலும்புக்குப் பாரம் பட்டால்தான் கெட்டிப்படுமாம், அதிகம் பட்டால் முறிந்துவிடுமாம். எடை பார்க்கிற மெஷின் ஒன்றை வாங்கி, அதன் மேல் இடது காலை வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி தம்பி. இந்த வாரம் பத்து கிலோ.

சாப்பாட்டு மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மெஷினைத் தரையில் வைத்தார்கள் மதினி. வலது காலுக்குக் கீழே, உயரம் சமமாக இருக்க ஒரு பலகை. இரண்டு கையிலும் ஊன்றுகோல். மதினி கீழே குத்தவைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முள்ளைப் பார்த்தார்கள்.

"போடு. மெதுவா."

போட்டேன். எண்பது நாளுக்குப் பிறகு இடது பாதத்தில் ஏதோ ஒன்று கீழே இருந்து முட்டியது. சில்லென்று இருந்தது.

"நாலு... அஞ்சு... பயப்படாதளா, இன்னும் போடு. எட்டு."

"வலிக்குது மதினி."

"பொறுக்கிற வலியா, பொறுக்காத வலியா?"

"பொறுக்கிற வலி."

"அப்பம் போடு. ஒம்பது... பத்து. நில்லு. அதுக்கு மேல வேண்டாம். நில்லுன்னு சொல்லுதேன்லா."

நின்றேன். முள் நடுங்கிக்கொண்டே பத்தில் நின்றது. மதினி மூச்சை விடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் மடியில் இருந்த போன் அடித்தது. கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமலே எடுத்துக் காதில் வைத்தார்கள். ஜெபசிங். கப்பல் கரைக்கு வந்துவிட்டது போல. கொடுங்க, பேசணும் என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது.

"இப்பம் முடியாதுல" என்றார்கள் மதினி. "அவ நிக்கா. பெறவு கூப்பிடு."